ஜெய்லானிக்குப் போன கார்

என் உம்மா என்னைக் கட்டினவரோடு ஒரு நாளும் நேரே கதைத்ததில்லை. கோழியோடு கதைப்பா. கார் வந்த பிறகு காரோடு கதைப்பா.

அந்தக் காலத்தில் எங்கள் மருதமுனையில் அப்படித்தான். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மாமியும் மருமகனும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பார்கள், ஆனால் முகம் பார்ப்பதில்லை, பேச்சும் இல்லை. அது மரியாதை. சோறு ஆறுகிறது என்றால் உம்மா கதவுக்குப் பின்னால் நின்று முற்றத்துக் கோழியிடம் சொல்லுவா.

"கோழியே, சோறு வெச்சிரிக்கி. ஆறிப் போனா நான் பொறுப்பில்ல."

அவர் கை கழுவிக்கொண்டு வந்து உட்காருவார். (அவர் என்று நான் எழுதினால் அது என் மாப்பிள்ளைதான். பெயரைச் சொல்லிப் பழக்கமில்லை, எழுதவும் கை வரவில்லை.) சோற்றுக்கு ஊற்றுகிற ஆணத்தில் உப்புக் கூடினால் அவரும் கோழியிடம்தான் முறையிடுவார்.

"கோழியே, இண்டைக்குக் கடல் தண்ணியிலயா ஆக்கின?"

உள்ளே உம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பா.

கோழி இல்லாத நேரத்தில் இவர்கள் இருவருக்கும் நடுவில் நான்தான். ஆனால் கோழியை விட நான் மோசம். வாப்பா வீட்டில் இருந்தால் என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. வாப்பாவுக்கு முன்னால் மாப்பிள்ளையோடு கதைப்பதை நினைத்தாலே காது சுடும். எனக்கு அப்போது பதினேழு வயது, கல்யாணமாகி ஆறு மாதம்.

அந்தக் காருக்கு என்னை விட வயது கூட. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத்துத் துரை மரத்தடியில் விட்டுவிட்டுப் போனது. எங்கள் அவர் தன்னுடைய வண்டியையும் மாட்டுச் சோடியையும் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டு வந்தார். வந்த அன்று ஊரே கூடிப் பார்த்தது. கறுப்பு நிறம், மேலே கன்வஸ் கூரை, முன்னால் இரண்டு பெரிய விளக்கு. ஸ்டார்ட் பண்ண வேண்டும் என்றால் முன்னால் நின்று இரும்பு ஹேண்டிலைச் சுழற்ற வேண்டும். சுழற்றினால் பத்துத் தரத்தில் நாலு தரம் ஓடும்.

வாப்பா சாகாமத்துப் பக்கம் ஒரு போடியாரின் காணியில் வயல் செய்தவர். மாட்டைக் கொடுத்துவிட்டு இரும்பை வாங்கிய மருமகனை வாப்பாவால் பொறுக்க முடியவில்லை.

"மாடு களைச்சாப் படுக்கும், புல்லப் போட்டா எழும்பும். இது படுத்தா என்னத்தப் போடுற, மருமகன்?"

"பெட்ரோல், மாமா."

"நேத்துப் போட்டீங்க தானே. எழும்பல்லயே?"

அவர் காருக்குப் பக்கத்தில் போய் நின்று, கையிலே இருக்கிற துணியால் விளக்கைத் துடைப்பார். எங்கள் வீட்டில் எல்லாமே எங்களுடையது. பாய், தலையணை, கிணறு, தென்னை, கோழி எல்லாமே. அவருக்கென்று இருந்தது ஒரு தகரப் பெட்டியும் அந்தக் காரும்தான். அதை நான் அப்போதே விளங்கிக்கொண்டேன். ஆனால் விளங்கியதைச் சொல்ல எனக்கு வாய் வேண்டுமே.

வருசா வருசம் ஊர் கூடிச் சோறு ஆக்கிப் பங்கிடுகிற ஜெய்லானிக் கந்தூரி வந்தது. பலாங்கொடைக்கு அப்பால் மலை உச்சியில் இருக்கிற பள்ளிவாசல். நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் போவார்கள். என் கல்யாணம் நல்லபடி முடிந்தால் தன் கையால் நெய்த பச்சைத் துணி ஒன்றை அங்கே கொடுப்பதாக உம்மா நேர்ச்சை வைத்திருந்தா. உம்மா தறியில் உட்கார்ந்தால் நாள் போவது தெரியாது. அந்தத் துணியையும் நெய்து முடித்துவிட்டா. எங்கள் ஊரிலிருந்து ஒரு லொறியும் இரண்டு கார்களும் புறப்பட இருந்தன. லொறியில் போவோம் என்றார் வாப்பா.

"நம்மட்டக் கார் இரிக்கக்குள்ள ஏன் மாமா லொறி?" என்று அவர் கேட்டுவிட்டார்.

வாப்பா வெற்றிலையை மென்று முடித்துத் துப்பினார். பிறகு சொன்னார்.

"சரி. இந்தக் கார் ஜெய்லானிக்குப் போய்த் திரும்பி வரட்டும். வந்தா நான் இதப் பத்தி வாயத் தொறக்க மாட்டன். ஆனா வழியில எங்கயாவது மாட்டக் கட்டி இழுக்க வெச்சீங்களோ, அந்த இடத்திலயே வித்துப்போட்டு என்னோட வயலுக்கு வந்திரணும். ஓமா?"

"ஓம், மாமா."

அவர் அதைச் சொன்ன விதம் எனக்குப் பயமாக இருந்தது. கல்யாணத்தில் கூட அவ்வளவு உறுதியாகச் சொன்னாரோ தெரியாது.

புறப்படுவதற்கு முதல் நாள் அவர் காரைக் கழற்றிப் பூட்டி, எண்ணெய் போட்டு, வயிறு நிறையப் பெட்ரோல் ஊற்றி வைத்தார். அசர் தொழுகைக்கு வாப்பாவும் அவரும் பள்ளிக்குப் போன நேரம் பார்த்து உம்மா வெளியே வந்தா. தான் ஏறப்போகிற வாகனத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தா. முன்கண்ணாடிக்கு நேர் முன்னால் பெட்ரோல் ஊற்றுகிற வாயும் அதற்கு ஒரு வட்ட மூடியும் இருந்தன. உம்மாவுக்குப் பெட்ரோல் மணம் ஆகாது. ஒரு தரம் கல்முனைக்குப் போய் வந்த அந்தச் சின்னத் தூரத்துக்கே வயிற்றைப் பிரட்டி எடுத்துவிட்டது. மூடியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தா. நடுவில் குண்டூசி போகிற அளவில் ஒரு ஓட்டை.

"இந்தா பாருகா," என்றா. "இதுக்குள்ளால தானே மணம் வருகுது. இத்தன நாளா இவர் பாக்கல்ல."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் உம்மா தறிக்காரி. பாவில் ஒரு நூல் அறுந்திருந்தால் அதை முடியாமல் எழும்பமாட்டா. உள்ளே போய் நூலை முறுக்கிப் பாவுக்குப் போடுகிற கஞ்சிப் பசையில் தோய்த்துக்கொண்டு வந்தா. ஊசியால் ஓட்டைக்குள் செலுத்தி, உள்பக்கம் ஒரு முடிச்சுப் போட்டு, வெளிப்பக்கம் பல்லால் கடித்து அறுத்து, மேலே பசையைத் தடவி நகத்தால் மட்டமாக்கிவிட்டா. பிறகு கிணற்றடியில் நின்று அரை மணி நேரம் துப்பிக்கொண்டிருந்தா. ஆனால் வேலை சுத்தம். காய்ந்த பிறகு ஓட்டை இருந்த இடம் எனக்கே தெரியவில்லை.

"மாப்பிளைட்ட செல்லு, மகள். மூடியில ஓட்ட இரிந்திச்சி, மாமி அடைச்சிரிக்கா எண்டு. சந்தோசப்படுவார்."

"ஓம், உம்மா," என்றேன்.

சொல்லவில்லை. சொல்லத்தான் இருந்தேன். அவர் வீட்டுக்குள் வந்தபோது வாப்பா பக்கத்தில் இருந்தார். வாப்பா எழும்பிப் போனபோது அவர் காருக்குக் கீழே கிடந்தார். அவர் வந்து படுத்ததும் உறங்கிவிட்டார். காலையில் ஒரே அமளி. பிறகு மறந்தே போனேன். ஒரு சின்ன ஓட்டைதானே.

சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். முன்னால் அவரும் வாப்பாவும். பின்னால் உம்மாவும் நானும், சோற்றுப் பானை, தேயிலைச் சாமான், பச்சைத் துணி எல்லாமும். சன்னல் பக்கமெல்லாம் வெள்ளைத் துணி கட்டி மறைத்திருந்தது. முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவிலும் ஒரு திரை. அப்படி மூடிக்கொண்டுதான் பெண்கள் காரில் போவது. அந்த நடுத்திரையில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தது. அதற்குள்ளால் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய இடது காது மட்டும்தான். கார் நல்லபடி ஓடினால் காது சாதாரணமாக இருக்கும். வாப்பா ஏதும் சொன்னால் சிவக்கும். அந்த ஒரு காதை வைத்துக்கொண்டே முன்னால் நடப்பதெல்லாம் நான் கண்டுபிடித்தேன்.

சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எல்லாம் காது சாதாரணமாகவே போனது. உம்மா மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னா, "பாத்தியா, மணமே இல்ல."

தம்பிலுவில் தாண்டியதும் கார் இருமியது. இரண்டு தரம் இருமிவிட்டு, நடந்து களைத்த ஆளைப் போல மெல்ல நின்றுவிட்டது.

அவர் இறங்கினார். மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டுப் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார். முக்கால்வாசி இருந்தது. மூடியைப் பூட்டிவிட்டு ஹேண்டிலைச் சுழற்றினார். கார் ஒன்றுமே நடக்காதது போல ஓடத் தொடங்கிற்று.

"என்ன செஞ்சீங்க?" என்று வாப்பா கேட்டார்.

"ஒண்டும் செய்யல்ல, மாமா."

"ஒண்டும் செய்யாம ஓடுற சாமான், ஒண்டும் செய்யாம நிக்கவும் செய்யும்," என்றார் வாப்பா. காது சிவந்தது.

கோமாரிக்குக் கிட்ட மறுபடியும் இருமல். இந்தத் தரம் அவர் குச்சி விட்டுப் பார்த்ததோடு நில்லாமல், பிளக்கையெல்லாம் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி மணல்தாளால் தேய்த்துப் பூட்டினார். ஓடிற்று. "பிளக்குதான்," என்று அவர் வாப்பாவுக்குச் சொல்வது கேட்டது. பொத்துவிலுக்கு இரண்டு மைல் இருக்கையில் பிளக்கும் பொய்யாகிவிட்டது. பிறகு பெட்ரோல் வருகிற செப்புக் குழாயைக் கழற்றி வாயை வைத்து ஊதினார். முகம் நீலமாகும்வரை ஊதினார். ஓடிற்று. "குழாய்தான்," என்றார் இப்போது. பெட்ரோல் வாயோடு சொன்னதால் அது அவ்வளவு தெளிவாகக் கேட்கவில்லை.

உம்மாவுக்குப் பொறுக்கவில்லை. சீட்டைத் தட்டிக் காரிடம் சொன்னா.

"காரே, ஒனக்கு ஏதும் நோய் இரிந்தா ஊட்டிலயே சொல்லியிரிக்கலாமே."

திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் சொன்னார், "காரே, ஒனக்கு நோயில்ல. தூசு. பயப்படாதே."

"ரெண்டு பேரும் காரோட கதைக்கிறீங்க. கார் ஆரோட கதைக்கிது?" என்றார் வாப்பா.

பொத்துவிலில் பெட்ரோலை விளிம்புவரை நிரப்பினோம். அங்கே எங்கள் ஊர் லொறி எங்களைக் கண்டுகொண்டது. நாங்கள் அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் புறப்பட்டவர்கள். லொறியில் நின்ற ஒருவர் வாயைக் குவித்துக் கூப்பிட்டார்.

"என்ன ட்ரைவர் மச்சான், காருக்கு நோன்பா? எல்லா இடத்திலயும் குந்திக் குந்திப் போகுதாமே!"

"கந்தூரிச் சோத்துல ஒங்களுக்கும் ஒரு பங்கு எடுத்து வெக்கிறம்! ஆறினாலும் பரவால்லயா?" என்றார் இன்னொருவர். லொறி முழுக்கச் சிரிப்பு. பெண்கள் சிரித்ததும் கேட்டது.

அவர் காது வெற்றிலைச் சாறு மாதிரி இருந்தது. எனக்கு ஒரு சொல் ஆறுதலாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்வதற்கு முன்னால் வாப்பா தொண்டையைக் கனைத்தார். அதோடு சரி.

பெட்ரோலை நிரப்பின பிறகு கார் நேராகும் என்றுதான் நினைத்தோம். முதலில் நின்றதை விடக் கெதியாக நின்றது. சியம்பலாண்டுவைக்கு இன்னும் தூரம் கிடந்தது. இரண்டு பக்கமும் காடு. குரங்கும் நாங்களும்தான். அவர் இறங்கினார். இந்தத் தரம் மூடியைத் திறக்கவில்லை. இப்போதுதானே நிரப்பியது, ஏன் திறந்து பார்க்க வேண்டும்? பிளக் சுத்தம், குழாய் சுத்தம். ஆகவே காருக்குப் பிடித்த வருத்தம் வேறெங்கோ என்று முடிவெடுத்துப் பொனட்டுக்குக் கீழே தலையை விட்டு ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தார். ஹேண்டிலைச் சுழற்றிச் சுழற்றிச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிவிட்டது. கார் ஒரு மூச்சும் விடவில்லை.

நல்ல வெயில். வாப்பா குடையை விரித்துக்கொண்டு பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் அவர் நிமிர்ந்தார்.

"கரண்ட் வரல்ல போல, மாமா. மொனராகலைக்குக் கொண்டு போனாத்தான் பாக்க ஏலும்."

"எப்பிடிக் கொண்டு போற?"

அவர் கையிலிருந்த ஹேண்டிலைக் கீழே வைத்தார்.

"சரி," என்றார் வாப்பா. அதில் சந்தோசம் இல்லை என்று சொன்னால் பொய். "கொஞ்சம் முன்னுக்கு ஒரு கிராமம் இரிக்கி. நான் போயித்து மாடு கொண்டு வாறன்." குடையோடு நடந்து போய்விட்டார்.

அவர் காருக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் குந்திக்கொண்டார். இரண்டு கையும் முழங்கை வரை கறுப்பு. நாங்கள் இறங்கி மரத்தின் மற்றப் பக்கத்தில் மூன்று கல் வைத்துத் தீ மூட்டினோம். உம்மா மெதுவாகச் சொன்னா, "தேத்தண்ணி ஊத்திக் குடு, மகள். காலையில இருந்து அந்த மனிசன் பெட்ரோலத்தான் குடிச்சிரிக்கார்."

தண்ணீர் கொதித்தது. தேயிலை போட்டேன். பால் டின்னை எடுத்துக் கத்தி முனையால் ஒரு ஓட்டை குத்திக் கோப்பைக்கு மேல் கவிழ்த்தேன். ஒரு சொட்டு வந்தது. அதோடு நின்றுவிட்டது. குலுக்கினேன். இன்னொரு சொட்டு.

"என்னகா, புதுசாத் தேத்தண்ணி ஊத்துறவ மாதிரி?" என்று உம்மா அதட்டினா. "மத்தப் பக்கமும் ஒரு ஓட்ட போடு. காத்து உள்ளுக்குப் போகாம பால் எப்பிடி வெளியில வரும்?"

நான் கத்தியைக் கையில் பிடித்தபடி உம்மாவைப் பார்த்தேன். உம்மாவும் என்னைப் பார்த்தா. அவவுடைய வாய் மெல்லத் திறந்தது. அப்படியே இருந்தது.

"உம்மா," என்றேன். "அந்த மூடி."

"வாய மூடு."

"உம்மா, நீங்க அடைச்ச ஓட்டையாலதான்..."

"வாய மூடுகா! மாப்பிளைட்ட செல்லச் சொன்னன் தானே? செல்லியிரிந்தா இதெல்லாம் வருமா? இப்ப ஒண்ட வாப்பா அறிஞ்சா, மௌத்தாகி மண்ணுக்குப் போற வரைக்கும் சொல்லிச் சொல்லியே கொல்லுவார்." பிறகு கொஞ்சம் யோசித்தா. "நீ பேசாத. நான் பாத்துக்கிறன்."

முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு மரத்தின் பக்கத்தில் வந்து நின்று, காரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னா.

"காரே, அந்தப் பெட்ரோல் மூடிய ஒருக்காத் தொறந்து பாக்கக் கூடாதா?"

அவர் தலையைத் தூக்கினார். பாவம், காலையிலிருந்து எவ்வளவு பேச்சுக் கேட்டிருப்பார். வாப்பா சொன்னார், லொறிக்காரர் சொன்னார், இப்போது மாமியும்.

"காரே," என்றார், "பெட்ரோல் இல்லாமத்தான் நிக்கிதெண்டு நெனைக்கிறாங்க போல. ஒண்ட வயிறு நெறஞ்சிதான் இரிக்கி. நான் அந்தளவு மடையனில்லயெண்டு சொல்லு."

"மடையனெண்டு ஆரும் செல்லல்ல, காரே. சும்மா ஒருக்காத் தொறந்துட்டு மூடினாப் போதும்."

"சும்மாத் தொறக்கிறத்துக்கு இது பானையில்ல, காரே."

உம்மா என் பக்கம் திரும்பினா. "மாட்டுக்காரனுக்குப் பொறந்தவன், அவனுக்கும் மாட்டுப் புத்திதான்," என்று முணுமுணுத்தா. அது காருக்குச் சொன்னதில்லை.

நான் போய் அவரிடம் சொல்வதென்று எழும்பினேன். அந்த நேரம் பார்த்து மாட்டு மணி கேட்டது. வாப்பா ஒரு சிங்கள வண்டிக்காரரையும் இரண்டு பெரிய மாடுகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். என் கால் அப்படியே நின்றுவிட்டது.

வண்டிக்காரர் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார். "மாத்தயா, இந்தக் கார் எங்க மாட்டை விடக் கிழவன் தானே?" வாப்பா அதற்குச் சிரித்தார். கயிற்றின் ஒரு நுனியைக் காரின் முன் இரும்பில் தன் கையாலேயே முடிந்தார். அவர் ஏறி ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆளில்லாத ஊரில் உட்கார்ந்திருக்கிற மாதிரி நேரே முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தார். வண்டிக்காரர் நாக்கைத் தட்டினார். மாடு அசைந்தது. கார் அசைந்தது. ஓரடி, ஈரடி.

எனக்கு என்ன வந்ததென்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. முக்காட்டில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றினேன். தலையிலிருந்து துணி வழுக்குகிறது என்று தெரிந்தும் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வாப்பாவைக் கடந்து, அந்நிய ஆண் ஒருவரைக் கடந்து, காரின் முன்னால் போனேன். கார் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. நானும் பக்கத்தில் நடந்துகொண்டே மூடியின் நடுவில் உம்மா மட்டமாக்கி வைத்த இடத்தை விரலால் தடவிக் கண்டுபிடித்து ஊசியை அழுத்திக் குத்தினேன். பசை கல்லுப் போல. இரண்டாம் தரம் குத்தினேன். நூல் முடிச்சு உள்ளே விழுந்தது.

ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். நீளமாக, ஆறுதலாக. எல்லோருக்கும் கேட்டது. மாடுகளும் நின்றுவிட்டன.

"என்ன புள்ள செய்ற?" என்றார் வாப்பா.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நிறைய இருந்தது சொல்வதற்கு. ஒரே ஒரு சொல்தான் வந்தது.

"காத்து."

அவர் என்னைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. கதவைத் திறந்து குதித்தார். கயிற்றைக் காரிலிருந்து அவிழ்த்து எறிந்தார். ஹேண்டிலைப் போட்டு ஒரு சுழற்று, இரண்டு சுழற்று. மூன்றாவதில் கார் இடி இடித்தது போல ஓடத் தொடங்கிற்று. மாடுகள் இரண்டும் வாலைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே ஓட்டம் பிடித்தன. வண்டிக்காரர் "ஐயோ, நில்லுங்க!" என்று சிங்களத்திலும் தமிழிலும் கத்திக்கொண்டு பின்னால் ஓடினார். கயிறும் அவற்றோடேயே போயிற்று.

"மாமா," என்றார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாடு போற போக்கப் பாத்தா ஜெய்லானிக்கு அதுதான் முதல்ல போகும்."

வாப்பா சிரிக்கவில்லை. "மாடு இழுத்தது தானே?" என்றார்.

"நாலடி, மாமா."

"நாலடியெண்டாலும் இழுவ இழுவதான். பேச்சு அதுதானே?"

அவருடைய சிரிப்பு போய்விட்டது. ஆம், பேச்சு அதுதான். ஓடுகிற காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் தலையைக் குனிந்தார். நான் இவ்வளவு தூரம் நடந்து வந்தது வீணாகப் போய்விட்டதே என்று எனக்கு அழுகை வந்தது.

அப்போது மரத்துக்குப் பின்னாலிருந்து உம்மா வந்தா. முகத்தை மூடிக்கொண்டுதான் வந்தா. ஆனால் கோழியைத் தேடவில்லை, காரைத் தேடவில்லை. வாப்பாவுக்கு முன்னால் வந்து நின்றா.

"அந்த ஓட்டைய அடைச்சது நான். நேத்து அசருக்கு. மணம் வயித்தப் பிரட்டுதெண்டு நூலையும் கஞ்சியையும் வெச்சி அடைச்சன். கார் நிக்கல்ல. நான் நிப்பாட்டினன். மாட்ட இழுக்க வெச்சது நான்தான், மாப்பிள இல்ல."

வாப்பா உம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீதான் தோத்த."

"ஓம். நான்தான்."

"அப்ப போடியாருக்குச் செல்லணும், இந்தக் கன்னை விதைக்க வயலுக்கு ஒன்னத்தான் அனுப்பப் போறனெண்டு."

"அனுப்புங்க. நான் போறன். ஆனா சோறு ஆக்குறத்துக்கு நீங்க இரிக்கணும்."

அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கிற்று. வாப்பா அதையும் பார்த்தார்.

"ஏறுங்க," என்றார் வாப்பா. "முதல்ல மலைய ஏறிப் பாக்கட்டும். மறுகா கதைப்பம்."

அதற்குப் பிறகு கார் நிற்கவே இல்லை என்று எழுத ஆசைதான். வெல்லவாய தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் முன்பக்கத்தில் ஆவி பறந்தது. வாப்பா இறங்கி எங்கள் சோற்றுப் பானையைக் கழுவி ஓடையில் தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்தார். ஊற்றுவதற்கு முன்னால், "இதுக்குள்ள ஏதும் அடைச்சிரிக்கியா?" என்று திரைப்பக்கம் பார்த்துக் கேட்டார். உம்மா திரையை இன்னும் இழுத்து மூடினா. இரண்டாம் வளைவில் மறுபடியும் தண்ணீர். ஐந்தாம் வளைவில் பின் டயரில் ஒரு ஆணி.

ஆணி என்று தெரிந்ததும் அவருக்குப் பெருநாள் மாதிரி. காரணம் தெரிகிற வருத்தம் அந்தப் பயணத்தில் அதுதான் முதலாவது. டயரைக் கழற்றி, டியூபை எடுத்து, துண்டு வைத்து ஒட்டிப் பூட்டினார். காலையிலிருந்து அவருடைய கை ஓயவில்லை. பம்பை எடுத்து நாலு தரம் அடித்ததும் நிறுத்தித் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"தாங்க இஞ்ச," என்றார் வாப்பா.

"வேணாம் மாமா, நான்..."

"தாங்கண்டா."

வாப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பம்பை மிதித்துப் பிடித்தார். அடிக்கத் தொடங்கினார். வயலில் மண்வெட்டி பிடித்த கை. ஆனால் மலைக் காற்றில் மூச்சு வாங்கிற்று. அவர் கேட்டுப் பார்த்தார், வாப்பா கொடுக்கவில்லை. "காத்து எண்டா எனக்குத் தெரியாத சாமானா?" என்றார்.

அந்த நேரம் கீழே இருந்து ஒரு புதுக் கார் ஏறி வந்தது. ஜெய்லானிக்குப் போகிற ஆட்கள்தான், கொழும்புப் பக்கத்தார் போலிருந்தது. எங்கள் காரைக் கண்டதும் நிறுத்தித் தலையை வெளியே நீட்டினார்கள். வெள்ளைத் துணி கட்டிய கிழட்டுக் காரை மேலும் கீழும் பார்த்தார்கள். ஒருவர் கேட்டார்.

"வாடகைக் காரா, பெரியவர்? இதையெல்லாம் நம்பி ஏன் ஏறினீங்க? ஆள் ஏய்ச்சிட்டான் போல."

வாப்பா பம்பை நிறுத்தினார். நிமிர்ந்தார். முகமெல்லாம் வியர்வை. நான் திரைத்துணியை ஒதுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் டயர்ப் பக்கத்தில் குந்தியிருந்தபடியே வாப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாடகைக் காரில்ல," என்றார் வாப்பா. "எங்கட ஊட்டுக் கார். கல்முனைப் பக்கமிருந்து வாறம். எல்லாம் எங்கட மருமகன்ட வேலை. நீங்க போங்க, நாங்க பின்னுக்கு வாறம்."

அவர்கள் போய்விட்டார்கள். வாப்பா எங்கள் யாரையும் பார்க்காமல் மறுபடியும் குனிந்து பம்பை அடிக்கத் தொடங்கினார். ஜெய்லானி இன்னும் மேலே இருந்தது. போய்த் திரும்பி வரவும் முழு வழியும் கிடந்தது.